பேரிலேயே வாய்க்கால் வைத்திருக்கும் ஊர்

காரைக்கால் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது மூன்றே மூன்று கேள்விகள். அடுத்த சனிப்பெயர்ச்சி எப்போ? பெட்ரோல் லிட்டருக்கு எவ்வளவு கம்மி? மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், அதுவும் ஒரு திரவத்தைப் பற்றியதுதான். நாலாவதாக ஒரு திரவம் இந்த ஊருக்குள் ஓடுகிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உள்ளூர்க்காரர்களும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

தண்ணீர்.

ஊர்ப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். காரை, கால். இங்கே கால் என்றால் நடக்கிற கால் இல்லை, வாய்க்கால். காரை என்பது சுண்ணாம்புக் காரை. ஆக, காரை வைத்துக் கட்டிய வாய்க்கால் உள்ள ஊர் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இல்லை, அது காரைச்செடி என்று வாதாடவும் இடமிருக்கிறது. தமிழாசிரியர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் 'கால்' அப்படியேதான் இருக்கப் போகிறது.

காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியில் பாதிகூடத் தேறாது. வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், மேற்கே மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள், கிழக்கே கடல். ஆட்சி நடப்பதோ 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுச்சேரியிலிருந்து. இந்தச் சின்னத் துண்டுக்குள் நண்டலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு உட்பட ஏழு ஆறுகள் வருகின்றன. எல்லாமே காவிரியின் கிளைகள். ஒவ்வொரு ஆற்றிலிருந்தும் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து வயல். உள்ளங்கையில் ரேகை ஓடுகிற மாதிரி.

ஏழு ஆறு இருந்தும் இங்கே விவசாயிக்கு நிம்மதி கிடையாது. காரணம் ஒரே வார்த்தை: கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் குடித்து முடித்து, மிச்சம் இருந்தால் இங்கே வரும். அதுவும் வேறொரு மாநிலத்தின் மதகுகளைத் தாண்டி வரவேண்டும். காவிரி நடுவர் மன்றம் 1991-இல் போட்ட இடைக்கால உத்தரவில் காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. என்றார்கள். 2007 இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஆனது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்து கர்நாடகத்தின் பங்கைக் கூட்டியபோது இந்த 7-ஐ மட்டும் தொடவில்லை. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. டி.வி. விவாதங்களில் இதைச் சொல்லாமலேயே மணிக்கணக்கில் கத்துவார்கள்.) ஆக, தாளில் பங்கு இருக்கிறது. வந்த தண்ணீரைக் கொண்டுபோக வாய்க்கால் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருவோம். முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

நாகூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தால் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். அரசலாறு கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியிலிருந்து பிரிந்து வருகிறது. பழைய பெயர் அரிசிலாறு. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், செத்த முதலை மேல் வேலை எறிந்து குந்தவை முன்னால் வந்தியத்தேவன் அசடு வழிந்தானே, அதே ஆறு. பழையாறை எங்கே என்று தேடிப் போகிற வாசகர்கள் நிறைய. அந்த ஆறு கடைசியில் எங்கே போய்க் கடலில் கலக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் யாருமில்லை.

பாலத்திலிருந்து கிழக்கே திரும்பினால் ஆற்றை ஒட்டியே கடற்கரைச் சாலை. இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத நடை. இந்த மாவட்டத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கிற சிறந்த விஷயம் இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். கோடையில் போனால் ஆற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். அது காவிரித் தண்ணீர் இல்லை, கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத் தண்ணீர். கரையோரம் அங்கங்கே அலையாத்திச் செடிகள் நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னும் கிழக்கே போனால் மீன்பிடித் துறைமுகம், விசைப்படகுகள், வலை காய்கிற வாசனை (சிலருக்கு நாற்றம்), அப்புறம் முகத்துவாரம். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். தூர்வாருங்கள் என்று மீனவர்கள் மனு கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டும் நிற்பதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி மாநிலத்தில் சுனாமிக்குப் பலியானவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தக் கரையைச் சேர்ந்தவர்கள். அதனால் இங்கே கடலைப் பற்றிப் பேசும்போது யாரும் ரொம்பக் கவித்துவமாகப் பேசுவதில்லை.

இப்போது வியாபாரக் கதைக்கு வரலாம். காரைக்கால் அடிப்படையில் ஒரு சந்தை ஊர், வணிகர் ஊர். காரைக்கால் அம்மையார் என்று நாம் கும்பிடுகிற புனிதவதி தனதத்தன் என்ற வணிகரின் மகள். கணவர் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் மகன். கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறார், சாப்பிடும்போது இரண்டாவது எங்கே என்று கேட்கிறார். பக்தி இலக்கியத்தில் ஸ்டாக் சரிபார்த்த முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் அவர் மனைவியைக் கண்டு பயந்து கப்பல் ஏறிப் போய்விடுகிறார். கதையில் அவர் தப்பித்துப் போவதற்குக் கப்பல் தயாராக இருந்தது என்பதைக் கவனியுங்கள். அது அப்படிப்பட்ட ஊர். ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவின்போது கூட்டத்தைப் பார்த்து மாங்கனி வீசுகிறார்களே, அந்த விழாவின் வேர் ஒரு வியாபாரியின் வீட்டுக் கணக்கில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்ததும் வியாபாரத்துக்குத்தான். 1738-இல் தஞ்சை மராட்டிய அரசர் சாகுஜியிடம் பேரம் பேசினார்கள், அவர் ஒத்துக்கொண்டு பிறகு பின்வாங்கினார், சந்தா சாகிப் உள்ளே புகுந்தார், 1739 பிப்ரவரியில் ஊர் கைமாறியது. பக்கத்தில் தரங்கம்பாடியில் 1620 முதலே டேனிஷ்காரர்கள், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். ஒரு காலை நேரத்தில் பஸ்ஸில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரத்துக்குள் மூன்று ஐரோப்பியக் கடைகள்! எதற்கு இந்த நெரிசல்? தஞ்சாவூர் நெல்லும் துணியும். புதுச்சேரியில் கோட்டை இருந்தது, சோறு இல்லை. காரைக்காலில் சோறு இருந்தது. அவ்வளவுதான் ராஜதந்திரம்.

கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் கடலிலேயே நிற்கும். சரக்கைச் சலங்குகளில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இங்கிருந்து இலங்கைக்கு அரிசி போனது, மலேயா பக்கமும் போனது. 1898-இல் பேரளத்திலிருந்து ரயில் பாதையும் வந்துவிட்டது.

அரிசி மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றினார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப். 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு இதைப் பெரிய அளவில் நடத்தின. ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882-இல் ஆங்கிலேயர்கள் நிறுத்தினார்கள், கரீபியன் தீவுகளுக்கு 1888-இல். இன்றைக்கு மார்த்தினிக்கில் யாராவது தன் தமிழ் மூதாதையைத் தேடி வந்தால், அவர் கடைசியாகப் பார்த்த இந்தியா இந்த மணல்கரையாகக்கூட இருக்கலாம். இவ்வளவு பெரிய கதையைச் சுமக்கிற ஊரில் அதைச் சொல்கிற மாதிரி எதுவும் கண்ணில் படுவதில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் சிங்கப்பூரில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து போன மூனா காதர் சுல்தான் என்ற கால்நடை வியாபாரி, கடோங் பகுதியில் 1920 வாக்கில் ஒரு மாளிகை கட்டினார். பெயர் காரைக்கால் மஹால். பிற்பாடு கை மாறி ஹோட்டலாக ஓடியது, நடுவே ரோடு வந்தது, ஆனாலும் சிங்கப்பூர் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக வைத்திருக்கிறது. ஒரு சந்துக்கே காரைக்கால் பெயர். தங்கள் ஊருக்கு மாடு விற்க வந்தவரின் ஊர்ப் பெயரை அவர்கள் காப்பாற்றுகிறார்கள். காரைக்காலில் 'கால்' எத்தனை, எங்கெங்கே ஓடுகிறது என்று பாரதியார் ரோட்டில் நின்று பத்து பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

ஏன் தெரியாமல் போயிற்று? இதற்கு ஒரு வணிகவியல் காரணம் உண்டு. ஆறும் துறைமுகமும் தேய்ந்த பிறகு காரைக்கால் சந்தை வேறொன்றை நம்பி வாழப் பழகிவிட்டது: எல்லைக் கோடு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். கோடு மட்டும் போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு வரி, இந்தப் பக்கம் ஒரு வரி. வித்தியாசம்தான் வியாபாரம். பைக், ஃபிரிட்ஜ், டி.வி. வாங்கக்கூட நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் வருவார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒரே இரவில் அழிந்தது. ஜி.எஸ்.டி.க்கு வெளியே நின்றது பெட்ரோலும் மதுவும்தான். அதனால்தான் வெளியூர்க்காரர் கேட்கிற கேள்விகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன.

அந்த மீதியும் எவ்வளவு உறுதி என்று 2020 மே மாதம் தெரிந்தது. ஊரடங்குக்குப் பிறகு மதுக்கடைகளைத் திறந்தபோது, கூட்டம் எல்லை தாண்டி வரக்கூடாது என்று கொரோனா வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் எடுத்தும் விட்டார்கள், சரி. ஆனால் ஒரே ஒரு அரசாணையில் கரைந்துவிடக்கூடிய ஒன்றை ஒரு ஊர் தன் மூலதனம் என்று நம்பிக்கொண்டிருக்கலாமா? அது மூலதனமே இல்லை, தள்ளுபடி. தள்ளுபடிக்கு வருகிறவர் டாங்க்கை நிரப்பிக்கொண்டு போய்விடுவார். திருநள்ளாற்றுக்கு வருகிறவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு அவ்வளவு கூட்டம் வந்தது, நளதீர்த்தத்தில் முங்கியது, போய்விட்டது. அஞ்சு கிலோமீட்டரில் ஒரு பழைய துறைமுக நகரமும் ஆற்றங்கரை நடையும் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வெளிநாட்டுக் கதை ஒன்று. இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியில் டிவைசஸ் என்று ஒரு சந்தை ஊர். அதை ஒட்டி கென்னட்-ஏவன் கால்வாய் போகிறது, 1810-இல் முழுசாகத் திறந்தது. அந்த ஊர் மேட்டில் இருப்பதால் படகைப் படிப்படியாக ஏற்ற 29 லாக் கட்டினார்கள். லாக் என்றால், இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பி, படகை அடுத்த மட்டத்துக்கு உயர்த்துகிற ஏற்பாடு. மொத்தம் 237 அடி உயரம் தண்ணீராலேயே மாடி ஏறுகிறது. பிறகு ரயில் வந்தது. 1852-இல் ரயில் கம்பெனியே கால்வாயை வாங்கிவிட்டது, வாங்கியது போட்டியாளர் ஆயிற்றே, கால்வாய் நொடித்துப் போனது, 20-ஆம் நூற்றாண்டு நடுவில் லாக்குகளில் புல் முளைத்தது. மூடிவிட வேண்டியதுதானே? ஆனால் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துப் பல வருஷம் சேறு அள்ளினார்கள். 1990 ஆகஸ்டில் ராணி எலிசபெத் வந்து மறுபடி திறந்து வைத்தார். இன்றைக்கு அதில் சரக்கு போவதில்லை. நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், வாடகைப் படகுகள். அவர்கள் டீ குடிக்கிற கடைகள். செத்துப்போன சொத்து மறுபடி வருமானம் தருகிறது.

அங்கே கால்வாய்க்கு வேலையே இல்லாமல் போன பிறகு காப்பாற்றினார்கள். இங்கே வாய்க்காலுக்கு இன்னும் வேலை இருக்கிறது! ஜூனில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், நவம்பரில் வெள்ளத்தை வெளியேற்ற வேண்டும். 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே கரை கடந்தபோது டெல்டா முழுவதும் வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் கிடந்தது. கடைமடைக்காரனுக்குக் கோடையில் தண்ணீர் கடைசியாக வரும், மழைக்காலத்தில் எல்லாருடைய தண்ணீரும் அவன் வாசல் வழியாகத்தான் போகும். அப்படிப்பட்ட ஊரில் வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடப்பதை அழகுப் பிரச்சனை என்று நினைப்பது பெரிய தப்பு. அது சொத்தின் தேய்மானம். மெஷினுக்குத் தேய்மானம் கணக்கில் எழுதாமல் லாபம் காட்டினால் முதல் வருஷ மாணவன்கூட சிவப்பு மையில் சுழிப்பான். வாய்க்கால் விஷயத்தில் அதை வருஷா வருஷம் செய்கிறோம், சுழிக்க ஆளில்லை.

உடனே யாராவது, சிமெண்ட் போட்டு இரண்டு பக்கமும் சுவர் கட்டிவிடலாமே என்பார்கள். கட்டலாம். புதுச்சேரியில் வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரித்த பெரிய வாய்க்கால் அப்படித்தான் இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் நடுவே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டதும் வளர்ச்சி என்ற பெயரில்தான். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்களின் உழைப்பு அந்தக் கால்வாயில் இருக்கிறது, படகு போன இடத்தில் இப்போது சாக்கடை.

காரைக்காலுக்கு இன்னும் அந்த நிலைமை முழுசாக வரவில்லை. செலவும் ரொம்ப இல்லை. எந்தெந்த வாய்க்கால், எந்த ஆற்றின் எந்த மதகில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எத்தனை இடத்தில் மனை போட்டு மூடியிருக்கிறார்கள் என்று ஒரு வரைபடம். ஒவ்வொன்றும் ரோட்டைக் கடக்கிற இடத்தில் அதன் பெயர் எழுதிய ஒரு பலகை. பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை உள்ள நடைபாதையில் 1739, 1853, 1898 என்று நாலு கல்வெட்டு. நெடுங்காடு பக்கம் வேளாண் கல்லூரி இருக்கிறது, திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, ஊருக்குள் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ப்ராஜெக்ட் என்று பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதி ஸ்பைரல் பைண்டிங் போடுகிறவர்களில் ஒரு இருபது பேர் இதை எடுத்துக்கொண்டால் ஒரே கோடையில் முடியும். வணிகவியல் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒரு வாய்க்கால் அடைத்தால் எத்தனை மா நிலத்தில் நடவு தள்ளிப்போகிறது, அதன் விலை என்ன என்று யாராவது கணக்குப் போட வேண்டுமே.

செய்வதானால் ஏப்ரல், மே மாதங்களில் செய்ய வேண்டும். அப்போதுதான் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், உள்ளே இறங்கி நடந்து டேப் பிடித்து அளக்க முடியும். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற தேதி. அதற்கப்புறம் சேறு.